ஆகாயமா, அசையும் சித்திரமா?

உயர்தரம் முடித்த பிள்ளை விமானப் பணிப்பெண் ஆவதா, கார்ட்டூன் படம் செய்யப் பழகுவதா என்று கேட்கிறாள். காணியை இழந்து பதுளைப் பக்கம் வந்த குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது நகைதான். அதை அடகு வைக்குமுன் சற்றுச் சிந்திப்போம்.

எமிரேட்ஸ் விமான நிறுவனம் 21 வயது, 160 சென்டிமீற்றர் உயரம், நுனிக்காலில் நின்று 212 சென்டிமீற்றர் எட்டும் கை, சரளமான ஆங்கிலம் ஆகியவற்றைக் கேட்கிறது. தெரிவானோருக்கு நிறுவனமே பயிற்சி தருகிறது. வீட்டுச் சுவரில் இன்றே அளந்து பாருங்கள். குறைந்த உயரத்தை எந்தப் பயிற்சி நிலையமும் கூட்டித் தராது.

கார்ட்டூனுக்கு வேண்டியது பொறுமை. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். பத்து விநாடிக்கு 240. 'பிளெண்டர்' மென்பொருள் இலவசம். கொழுந்து பறிக்கும் கையொன்றைப் பிள்ளை முதலில் அசைத்துக் காட்டட்டும். பணம் கட்டுவதைப் பிறகு பேசுவோம்.