உறங்கும் கணினி விழிக்க மறுப்பதேன்?

அணைக்கப்பட்ட மடிக்கணினியும் உறங்கும் மடிக்கணினியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் திரை இருண்டிருக்கும்; விசிறி ஓய்ந்திருக்கும்; விசைப்பலகை ஒளியிழந்து கிடக்கும். ஆயினும் முன்னதில் ஏறத்தாழ ஒன்றும் நிகழ்வதில்லை; பின்னதில் ஒரு வேலை ஓயாது நடந்துகொண்டே இருக்கிறது. நாம் பாதியில் விட்டுச்சென்ற கடிதமும் திறந்து வைத்த பக்கங்களும் நினைவகத்தில் மின்னூட்டங்களாக நிற்கின்றன. அவற்றைக் கலையாமல் காப்பதே அவ்வேலை.

நினைவகத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் ஒரு மின்தேக்கியும் ஒரு திரிதடையமும் உள்ளன. ஐபிஎம் நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு 1966இல் கண்ட இவ்வமைப்புக்கு 1968இல் காப்புரிமை கிடைத்தது. எளிமை இதன் சிறப்பு. கசிவு இதன் குறை. மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம் தானே வடிந்துவிடும் ஆகையால், 64 மில்லிநொடிக்குள் ஒருமுறையேனும் ஒவ்வொரு நுண்ணறையையும் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். டிடிஆர்5 வகை நினைவகத்தில் இக்கால அளவு 32 மில்லிநொடியாகக் குறைந்துவிட்டது. கணினி விழித்திருக்கும்போது இப்பணியை நினைவகக் கட்டுப்படுத்தி செய்யும். உறங்கும்போதோ, நினைவகச் சில்லு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். செயலிக்கும் வரைகலைச் சில்லுக்கும் மின்சாரம் நின்றபின் உயிர்ப்புடன் இருப்பவை இந்நினைவகமும், மூடி திறக்கப்படுகிறதா என்று பார்த்திருக்கும் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தியும், வேறு சில காவற்சுற்றுகளுமே.

இவ்வுறக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். நினைவகத்தின் உள்ளடக்கம் முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை அறவே துறப்பது எஸ்4. இதனை ஆழுறக்கம் எனலாம். முற்றும் அணைந்த நிலை எஸ்5. இந்த வரிசையை வகுத்தது ஏசிபிஐ எனப்படும் தரம். இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996 திசம்பரில் இதனை வெளியிட்டன. அதற்கு முன் 1992 முதல் வழங்கிய ஏபிஎம் முறையில், உறங்க வைப்பதும் எழுப்புவதும் பெரும்பாலும் தாய்ப்பலகையில் பதிந்த நிலைபொருளின் கையில் இருந்தன. இயங்குதளத்துக்கு உள்ளே நடப்பது தெரியாது. ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயங்குதளத்துக்கு மாற்றியது. ஆனால் ஒவ்வொரு கணினியின் உள்ளமைப்பும் வெவ்வேறாக இருத்தலின், எந்தக் கருவியை எவ்வாறு அணைப்பது, எவ்வாறு எழுப்புவது என்னும் குறிப்புகளைக் கணினி செய்தவரே அட்டவணைகளாக எழுதி நிலைபொருளில் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. கோளாறுகளில் கணிசமான பகுதி இவ்வட்டவணைகளில்தான் தொடங்குகிறது. செய்தவர் விண்டோசில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்பனைக்கு விடுவார். அதனால் 'நீ எந்த இயங்குதளம்?' என்று அட்டவணை வினவுமிடத்தில் லினக்சு தன்னை விண்டோசு என்றே சொல்லிக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் எவரும் ஓட்டிப் பாராத வழியில் போய் நிற்க நேரும் என்று அதை எழுதியோர் பட்டறிவால் கண்டுகொண்டனர்.

இனி, மூடியைத் திறந்தபின் நிகழ்வதைச் சற்று நெருங்கிக் காண்போம். நுண்கட்டுப்படுத்தி விழிப்புக் குறிப்பை அனுப்பியதும், பல்வேறு மின்னழுத்தங்கள் குறித்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக உயர்கின்றன. செயலி தன் பதிவகங்கள் அனைத்தையும் இழந்த நிலையில், அன்றுதான் முதன்முதலாக இயக்கப்பட்டதுபோல் தன் தொடக்க முகவரியிலிருந்து நிலைபொருளைப் படிக்கத் தொடங்குகிறது. நிலைபொருள் தனக்குரிய ஒரு குறியைப் பார்த்து, இது புதுத் தொடக்கமா, உறக்கத்திலிருந்து எழுதலா என்று தெரிந்துகொள்கிறது. எழுதலாயின், நினைவகத்தைச் சோதித்து அழித்துவிடாமல், முன்பு குறித்துவைத்த அளவுகளைக் கொண்டு அதன் கட்டுப்படுத்தியை மட்டும் சீர்செய்கிறது. பின்னர், உறங்குமுன் இயங்குதளம் எழுதிவைத்த விழிப்பு முகவரிக்குத் தாவுகிறது. அங்கிருந்து இயங்குதளம் தன் நினைவக வரைபடத்தை மீட்டு, செயலியின் ஏனைய உட்கருக்களை எழுப்பி, ஒவ்வொரு கருவியின் இயக்கியையும் அதற்குரிய முறையில் அழைக்கிறது. கருவியைத் தாங்கும் தடம் முதலில் எழ வேண்டும். தடத்தில் அமர்ந்த கருவி அதன்பின். திரை, வட்டு, கம்பியில்லா வலை, தொடுபலகை, ஒலிச்சில்லு எனப் பல கருவிகளும் சில நொடிகளுக்குள் எழுந்து மறுமொழி தர வேண்டும். சக்கரத்தின் அடியில் ஒரே ஒரு முட்டுக்கட்டை நின்றுவிட்டாலும் தேர் நகராது. இங்கும் ஓர் இயக்கி விடையில்லாமல் காத்திருந்தால் மொத்தக் கணினியும் உறைந்து நிற்கும்.

விழிக்காத கணினியின் முன் அமர்ந்தவர் பெரும்பாலும் செய்வது யாது? மின்பொத்தானை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடிப்பது. அக்கணமே நினைவகத்தில் இருந்தவை யாவும் கலைந்துபோகும்; கோளாற்றின் தடயங்களும் அவற்றோடு போகும். அதற்குமுன் ஒரு நிமிடம் பொறுத்து, எது உயிரோடிருக்கிறது என்று வினவுதலே அறிவுடைமை. கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துக. அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் உயிரோடிருக்கிறது; இருண்டது திரை மட்டுமே. இருட்டறையில் கைவிளக்கைத் திரைமீது சாய்த்துப் பிடித்தால் சாளரங்களின் மங்கிய உருவம் தெரியலாம். தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளி வரவில்லை என்று கொள்க. படமே இல்லையெனில் ஒரு புறத்திரையை இணைத்துப் பார்க்கலாம். விண்டோசு கணினியாயின், விண்டோசு, கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் வரைகலை இயக்கி மட்டும் புதிதாகத் தொடங்கும், எழுதிக்கொண்டிருந்தவை அழியா. இந்த ஒரு செயலால் மீண்ட கணினிகள் பல.

விளக்கு அசையவில்லை, ஆனால் விசிறி சுழல்கிறது என்றால் நிலைமை வேறு. மின்சாரம் வந்துவிட்டது, நிலைபொருளோ ஏதோ ஓர் இயக்கியோ நடுவழியில் நின்றுவிட்டது. விசிறியும் சுழலவில்லை, உறக்க விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது என்றால், எழுப்பும் குறிப்பே செயலியைச் சென்றடையவில்லை. மூடியைத் திறந்ததும் நிறுவனச் சின்னம் தோன்றிக் கணினி முதலிலிருந்து தொடங்கினால், உறக்கத்தின் நடுவிலேயே மின்கலம் வற்றியோ வேறு வகையிலோ நினைவகம் மின்னழுத்தத்தை இழந்திருக்கக் கூடும். இவை வெவ்வேறு கோளாறுகள், மருந்தும் வெவ்வேறு. எல்லாவற்றையும் 'கணினி எழவில்லை' என்ற ஒரே முறையீட்டில் அடக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், அவரும் ஊகத்தில்தான் இறங்குவார்.

குறிப்பு சென்றடையாத வகைக்கு மூடியின் உணரி ஒரு காரணமாகலாம். மூடியின் விளிம்பில் ஒரு சிறு காந்தமும், விசைப்பலகையின் பக்கத்தில் ஒரு ஹால் உணரியும் இருக்கும். மின்னோட்டம் செல்லும் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. உணரிக்கு மூடியின் காந்தமும் பிற காந்தங்களும் ஒன்றே. மடிக்கணினியை இன்னொரு மடிக்கணினியின் மேல் வைத்துத் திறந்தாலோ, காந்தப் பூட்டுடைய கைபேசி உறையை அருகில் வைத்தாலோ, காந்தப் பட்டையுள்ள கைக்கடிகாரம் அணிந்த கையை விசைப்பலகை மீது வைத்தாலோ, மூடி மூடியிருக்கிறது என்றே அது நம்பும். கணினி எழுந்த மறுநொடியே மீண்டும் உறங்கிப்போவதைக் காண்போர் முதலில் மேசையைத் துப்புரவு செய்துவிட்டுப் பார்ப்பது நலம்.

நுண்கட்டுப்படுத்தியே குழம்பிப் போவதும் உண்டு. மின்கலமோ மின்னேற்றியோ இணைந்திருக்கும்வரை அதற்கு மின்சாரம் நிற்பதில்லை; ஆதலின் எத்தனை முறை கணினியை அணைத்து இயக்கினாலும் அதன் குழப்பம் தீராதிருக்கலாம். மின்னேற்றியைக் கழற்றி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது இதனால்தான். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டம் வடிந்து, நுண்கட்டுப்படுத்தி புதிதாகத் தொடங்கும். திங்பேட் வகைக் கணினிகள் பலவற்றின் அடிப்புறத்தில் இதற்கென்றே குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. மூடநம்பிக்கைபோல் தோன்றும் இச்செயலுக்குப் பின்னால் இருப்பது நேரிய இயற்பியல்.

மிகக் கடினமானது நடுவழியில் நின்ற வகை. எந்த இயக்கி நின்றது? திரை எழவில்லை, வட்டு எழவில்லை, பிழையை எழுதிவைக்கவும் இடமில்லை. மறுதொடக்கம் செய்தால் நினைவகம் போய்விடும். லினக்சைத் தோற்றுவித்த லினசு டோர்வால்ட்சு 2006இல் இதற்கு ஒரு வழி கண்டார். கணினியின் உள்ளே நாளையும் மணியையும் காக்கும் கடிகாரம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுதொடக்கத்தின்போதும் நிலைபொருள் அதன் நேரத்தை அழிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவியை எழுப்புமுன்னும் அதற்குரிய ஓர் எண்ணை அக்கடிகாரத்தில் ஒரு பொய்யான நாளாகவும் மணியாகவும் எழுதிவிடுவது அவர் வழி. கணினி உறைந்ததும் அதனை மறுதொடக்கம் செய்து, கடிகாரம் காட்டும் நாளைப் படித்தால், கடைசியாக எழுப்ப முயன்ற கருவி எதுவென்று கணக்கிடலாம்.

இதன் நுட்பம் வியக்கத்தக்கது. நொடியைப் பயன்படுத்த இயலாது; உறைந்ததற்கும் மறுதொடக்கத்துக்கும் இடையில் அது ஓடிவிடும். நிமிடத்திலும் மும்மூன்றாகத் தாவி 20 மதிப்புகளையே கொள்ளலாம். எந்த மாதத்துக்கும் பொருந்த வேண்டுமாதலின் நாள் 28ஐத் தாண்டக் கூடாது. ஆண்டு 100, மாதம் 12, நாள் 28, மணி 24, நிமிடம் 20. இவற்றைப் பெருக்கினால் 1,61,28,000 வேறுபட்ட குறிப்புகள் கிடைக்கும். அவ்வளவில் கோப்பு, வரி, கருவி ஆகிய மூன்றையும் சுருக்கி அடக்கிவிடுகிறார்கள். சுருக்கெண் ஆதலின் சில வேளை இரண்டு மூன்று கருவிகள் ஒரே எண்ணுக்குப் பொருந்தும். ஆயினும் நூற்றுக்கணக்கானவற்றில் மூன்றாகக் குறைந்தது பெரும்பேறல்லவா? பிஎம் டிரேஸ் எனப்படும் இம்முறையைக் கையாண்டபின் கணினியின் நாள் தாறுமாறாக இருக்கும், திருத்திக்கொள்ள வேண்டும். உறங்கவே வைக்காமல், பாதிவழி சென்று ஐந்து நொடி நின்று திரும்பிவரும் ஒத்திகை வசதியும் லினக்சில் உண்டு. கருவிகள் மட்டும், நிலைபொருளும் சேர்த்து, செயலியின் உட்கருக்களும் சேர்த்து என ஒவ்வொரு படியாக ஆழம் பார்க்கலாம்.

விண்டோசில் இத்தகைய வசதி குறைவு. பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளை, இக்கணினிக்கு எந்தெந்த உறக்கநிலைகள் உண்டு என்பதையும், எந்தக் கருவிகளுக்கு அதனை எழுப்பும் உரிமை உண்டு என்பதையும் காட்டும். நிகழ்வேட்டில் 41 என்னும் எண்ணைக் கண்டு அதுவே காரணம் என்று கொள்வோர் பலர். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதே அதன் பொருள். பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் அதே எண்தான் பதிவாகும். இன்னொன்றும் அறியத்தக்கது. 2012இல் வந்த விண்டோசு 8 முதல், விரைவுத் தொடக்கம் செயலில் உள்ள கணினியை அணைத்தால் அது முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருவும் இயக்கிகளும் வட்டில் உறைந்து மறுநாள் அப்படியே மீள்கின்றன. அணைத்து இயக்கினேன், பயனில்லை என்போர் 'மறுதொடக்கம்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும், அதுவே முழுமையானது. அதன்பின் வரைகலை இயக்கியையும் நிலைபொருளையும் கணினி செய்தவரின் தளத்திலிருந்து புதுப்பிக்கலாம். புதுப்பித்த பின்னரே கோளாறு தொடங்கியதாயின் பழைய பதிப்புக்குத் திரும்புவதில் இழுக்கில்லை.

அண்மைக் கணினிகளில் சிக்கல் வேறு வடிவம் கொண்டுள்ளது. கைபேசிபோல் உறக்கத்திலும் அஞ்சல் பெற வேண்டும், கண்ணிமைப்பில் எழ வேண்டும் என்ற விருப்பால், செயலியை அணைக்காமல் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் வைத்திருக்கும் புதிய காத்திருப்பு முறை வந்தது. எல்லாக் கருவிகளும் ஒருங்கே அடங்கினால்தான் இம்முறை செம்மையாக இயங்கும். ஒரு வலைச்சில்லு அடங்க மறுத்தால் கணினி பைக்குள்ளேயே சுடும். மாலையில் எடுக்கும்போது மின்கலம் வற்றியிருக்கும். உரியவர் அதனை 'எழவில்லை' என்பார். அது உறங்கவே இல்லை என்பதே உண்மை. பல நிறுவனங்கள் இம்முறையைக் கொணர்ந்ததோடு எஸ்3 நிலையையும் நிலைபொருளிலிருந்து நீக்கிவிட்டன. இரண்டையும் வைத்துவிட்டுத் தேர்வைப் பயனரிடம் விட்டிருக்கலாம். விட்டிராதது பிழை என்பதே என் கருத்து.

அன்றாடம் பையில் சுமந்து செல்வோர்க்கு ஆழுறக்கமே ஏற்றது. மூடியை மூடினால் ஆழுறக்கம் செல்லுமாறு மின்திறன் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். எழுவதற்குச் சில நொடி கூடுதலாகும். ஆனால் மின்சாரம் தேவையில்லை. நினைவகத்தின் கசிவு பற்றிய கவலையும் இல்லை. நாள்தோறும் கணினி தொடங்கும் அதே நன்கு பழகிய வழியில் நிலைபொருள் எழுவதால், எஸ்3இன் நுண்ணிய பிழைகள் பலவும் குறுக்கிடுவதில்லை. இவற்றுக்குப் பின்னும் எழாத கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். எடுத்த எடுப்பில் தாய்ப்பலகையை மாற்றச் சொல்பவரிடம், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா, புறத்திரையில் படம் வந்ததா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் கணினியைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.