12 பைசா கணக்கு

ஒரு வங்கி கவிழும்போதெல்லாம் நம் நாட்டில் முதலில் எழும் கோரிக்கை, டெபாசிட் காப்பீட்டு வரம்பை உயர்த்துங்கள் என்பதுதான். 2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் - மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை ரிசர்வ் வங்கி முடக்கியது. கணக்கு ஒன்றிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. ஓய்வுபெற்றவர்களின் சேமிப்பு, சிறு வியாபாரிகளின் நடப்புக் கணக்கு, குடியிருப்போர் சங்கங்களின் பொதுப்பணம் எல்லாம் ஒரே நாளில் பூட்டுக்குள் போயின. அப்போதும் அதே கோரிக்கைதான் எழுந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரி 4 முதல் வரம்பு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. 1993-இலிருந்து அசையாமல் கிடந்த தொகை அது. உயர்த்தியது சரியே. ஆனால் எந்தக் காப்பீட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இழப்பு வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. அந்தப் பாதுகாப்புக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பற்றி அறுபது ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். இரண்டாவதைப் பொதுவெளியில் யாரும் பேசுவதில்லை. திடமாக நடக்கும் வங்கியும் தள்ளாடும் வங்கியும் இத்தனை காலம் ஒரே விலை கொடுத்துவந்தன. வரம்பு எவ்வளவு என்பதைவிட இந்த ஒரே விலைதான் டெபாசிட்தாரருக்கு ஆபத்தானது என்பது என் வாதம்.

இந்தியாவில் இந்தக் காப்பீடு பிறந்ததே ஒரு வங்கியின் வீழ்ச்சியால்தான். கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் மூடப்பட்டது. பீதி மற்ற வங்கிகளையும் தொற்றியது. 1961-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1962 ஜனவரி 1 அன்று காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். பின்னர் கூட்டுறவு வங்கிகளும் சேர்க்கப்பட்டன. இன்று ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான துணை அமைப்பாக, டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் என்ற பெயரில் அது இயங்குகிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு எத்தனை கிளைகளில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் பாதுகாப்பு. நிதி நிறுவனங்கள், சீட்டு கம்பெனிகள், ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. இது பலருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பிரீமியம் கட்டுவது நாம் அல்ல, வங்கி. 2020 ஏப்ரலிலிருந்து அது ஆண்டுக்கு 100 ரூபாய் டெபாசிட்டுக்கு 12 பைசா என்று இருந்தது. 1,000 கோடி ரூபாய் டெபாசிட் உள்ள வங்கி 1 கோடியே 20 லட்சம் கட்ட வேண்டியிருந்தது. 10 லட்சம் கோடி உள்ள வங்கி 1,200 கோடி கட்ட வேண்டியிருந்தது. பாதுகாப்பு 5 லட்சம் வரைதான் என்றாலும் பிரீமியம் முழு டெபாசிட் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. கொடுத்த கடனெல்லாம் ஒழுங்காகத் திரும்பிவரும் வங்கிக்கும் 12 பைசா, வாராக்கடனில் மூழ்கிக்கொண்டிருக்கும் வங்கிக்கும் 12 பைசா என்றே இருந்தது.

மற்றக் காப்பீடுகள் பொதுவாக இப்படி நடப்பதில்லை. மருத்துவக் காப்பீட்டில் வயதுக்கேற்பக் கட்டணம் ஏறுகிறது. விபத்து இழப்பீடு கேட்காத வண்டிக்காரருக்கு அடுத்த ஆண்டு தள்ளுபடி உண்டு. பட்டாசுக் கிடங்குக்கும் புத்தகக் கடைக்கும் ஒரே கட்டணத்தில் தீக்காப்பீடு கொடுக்கும் நிறுவனம் நெடுநாள் நிலைக்காது. இத்தனைக்கும் தீ விபத்தை யாரும் விரும்பி வரவழைப்பதில்லை. வங்கி சந்திக்கும் ஆபத்தோ பெரும்பாலும் அது தானே தேர்ந்தெடுத்தது. யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த அடமானத்தின் மேல் கொடுப்பது, ஒரே கைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்கிறது. லாபம் வந்தால் உரிமையாளருக்கு, நட்டம் வந்தால் காப்பீட்டு நிதிக்கு என்றாகிவிட்டால், கூடுதல் ஆபத்தை எடுப்பவருக்குக் கூடுதல் செலவே இல்லாமல் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரணக் காப்பீட்டில் இழப்புகள் தனித்தனியாக வரும். மதுரையில் ஒரு வீடு எரிந்தால் கோவையில் இன்னொன்று எரிவதில்லை. அதனால்தான் ஆயிரம் பேரிடம் வாங்கிப் பத்துப் பேருக்குக் கொடுக்க முடிகிறது. வங்கிகளின் இழப்பு கூட்டமாக வரும். ஒன்று விழுந்தால் அடுத்ததன் வாசலில் வரிசை நிற்கும். ஆகவே ஆபத்தை முன்னதாகவே குறைக்கும் கருவி இந்தக் காப்பீட்டுக்கு மற்றவற்றைவிட அதிகம் தேவை. அந்தக் கருவிகளில் ஒன்றுதான் விலை.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. வீட்டுக்கடன் கொடுப்பதற்கென்றே அங்கே ஆயிரக்கணக்கான சேமிப்பு - கடன் சங்கங்கள் இருந்தன. முப்பது ஆண்டு நிலையான வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த அவை, 1970-களின் கடைசியில் வட்டி விகிதம் ஏறியதும் வாங்கும் வட்டியைவிடக் கொடுக்கும் வட்டி அதிகமாகித் திண்டாடின. சொத்துகளை அன்றைய சந்தை மதிப்பில் கணக்கிட்டால் பல சங்கங்கள் அப்போதே திவால். அவற்றை மூடியிருக்க வேண்டும். மாறாக, 1980-இல் காப்பீட்டு வரம்பை 40,000 டாலரிலிருந்து 1 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். 1982-இல் வணிகக் கட்டடங்கள் போன்ற புதிய துறைகளில் தாராளமாகப் பணம் போடவும் அனுமதித்தார்கள். பிரீமியமோ எல்லாருக்கும் ஒன்றே, 100 டாலருக்கு 8 சென்ட் சொச்சம். விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. சொந்த மூலதனத்தை இழந்துவிட்ட சங்கத்துக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. கூடுதல் வட்டி காட்டி நாடெங்குமிருந்து டெபாசிட்டை இழுத்தது. கிடைத்ததைச் சூதாட்டம் போன்ற திட்டங்களில் கொட்டியது. டெபாசிட் போட்டவருக்கும் கவலை இல்லை, 1 லட்சம் டாலர் வரை அரசு உத்தரவாதம் இருக்கிறதே. 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் விழுந்தன. அவற்றைக் காப்பீடு செய்த அமைப்பே திவாலாகி 1989-இல் கலைக்கப்பட்டது. வரி செலுத்துவோர் தலையில் விழுந்த செலவு சுமார் 12,400 கோடி டாலர். அதன் பிறகுதான் 1991-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1993 முதல் ஆபத்துக்கேற்ற பிரீமியம் நடைமுறைக்கு வந்தது. விலையைத் தொடாமல் வரம்பை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாடே பரிசோதனைக் கூடமான கதை இது.

நம் நாட்டுக் கணக்கும் ஒருபக்கமாகவே சாய்ந்திருக்கிறது. காப்பீட்டுக் கழகத்துக்கு வரும் பிரீமியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கட்டுபவை வணிக வங்கிகள். ஆனால் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து வணிக வங்கிகளுக்காகக் கொடுத்த இழப்பீடு 27 வங்கிகளுக்குச் சேர்த்து 300 கோடி ரூபாயைத் தொடவில்லை. ஆயிரக்கணக்கான கோடிகள் போனது கூட்டுறவு வங்கிகளின் டெபாசிட்தாரர்களுக்கு. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் தள்ளாடியபோது காப்பீட்டு நிதி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. சில நாட்களிலேயே டிபிஎஸ் வங்கியுடன் இணைத்தார்கள். பங்குதாரர்களின் முதலீடு பூஜ்யமானது, டெபாசிட் போட்டவர் யாரும் இழக்கவில்லை. இதை வைத்துக் கூட்டுறவு வங்கிகளை மட்டும் குற்றவாளியாக்குவது தவறு. வணிக வங்கிகளின் தவறுக்கான பில் வேறு வாசல் வழியாக வருகிறது. 2016-17 முதல் ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு மூலதனமாகப் போய்ச் சேர்ந்தது 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் ஒருவகை இழப்பீடுதான். பிரீமியமாக வசூலிக்காததை வரியாக வசூலித்தோம்.

டெபாசிட் போடுபவர்தான் வங்கியை ஆராய்ந்து பார்த்துப் போட வேண்டும், காப்பீடே அவர்களைச் சோம்பேறியாக்குகிறது என்று சிலர் சொல்வார்கள். வரலாறு இதற்கு இடங்கொடுக்கவில்லை. 1906-இல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானபோதும், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தபோதும் காப்பீடு எதுவும் இல்லை. அதனால் டெபாசிட்தாரர்கள் முன்கூட்டியே உஷாராகிவிடவில்லை. இருந்ததை இழந்தார்கள், அவ்வளவுதான். ஐந்தொகை அறிக்கையைப் படித்து வாராக்கடனை எடைபோடுவது தொழில்முறைக் கணக்காளருக்கே கடினமான வேலை. அதை ஓய்வூதியர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சிறு சேமிப்பாளரிடமிருந்து கண்காணிக்கும் பொறுப்பைக் காப்பீடு எடுத்துவிடுகிறது என்றால், அந்தப் பொறுப்பு காப்பீட்டாளரின் தலைக்குப் போயாக வேண்டும். எல்லாரிடமும் ஒரே விலை வாங்கும் காப்பீட்டாளருக்கோ, யார் எப்படி என்று பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பஞ்சாப் - மகாராஷ்டிரா வங்கியின் 2019 மார்ச் அறிக்கையில் வாராக்கடன் 4 விழுக்காட்டுக்கும் கீழே, மூலதன விகிதம் 12 விழுக்காட்டுக்கு மேலே. ஆபத்தை அளந்து பிரீமியம் போட்டிருந்தால் அதற்குத் தள்ளுபடியே கிடைத்திருக்கும்! உண்மையில் அதன் கடனில் எழுபது விழுக்காட்டுக்கு மேல், சுமார் 6,500 கோடி, ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் இருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பிரீமிய முறை 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியைத் தடுத்துவிடவில்லை. ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. இந்த ஆட்சேபத்தின் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பிரீமியம் பொய்க்கணக்கைக் கண்டுபிடிக்காது. ஆனால் இதிலிருந்து ஒரே விலையே போதும் என்ற முடிவு வராது. அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதுதான் வரும். அறிக்கையில் எழுதிய விகிதங்களை மட்டும் பார்க்காமல், கடன் எத்தனை கைகளில் குவிந்திருக்கிறது, இயக்குநர்களுக்கும் கடன் வாங்கியவர்களுக்கும் என்ன தொடர்பு, தணிக்கையாளர் எத்தனை ஆண்டாக மாறவில்லை என்பவற்றையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவும் அந்த வீழ்ச்சிக்குப் பிறகு செய்தது இதையொத்ததே. காப்பீட்டு நிதிக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட விதித்த சிறப்புக் கட்டணத்தை எல்லா வங்கிகளுக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. காப்பீடு இல்லாத டெபாசிட் அதிகமாக வைத்திருந்த பெரிய வங்கிகளிடம்தான் வசூலித்தார்கள். பணத்தை எடுக்கும் ஓட்டம் எங்கிருந்து தொடங்கியதோ அங்கே விலை போய் நின்றது.

தள்ளாடும் வங்கியிடம் கூடுதலாக வாங்கினால் அது சீக்கிரம் விழாதா, அதன் வாடிக்கையாளர்கள் ஏழைகள்தானே என்ற கேள்வியில் அக்கறை இருக்கிறது. தொகையைப் பாருங்கள்: பிரீமியத்தை இரண்டு மடங்காக்கினாலும் 100 ரூபாய்க்குக் கூடுதலாக 12 பைசா. அந்த 12 பைசாவில் விழும் வங்கி உண்மையில் முன்பே விழுந்துவிட்ட வங்கி. அதைத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் புதிதாக யாரோ அதில் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். தாமதத்தின் விலை யாருக்கு என்பதைப் பஞ்சாப் - மகாராஷ்டிரா வங்கியே காட்டியது. 2022 ஜனவரியில் அதை யூனிட்டி சிறுநிதி வங்கியுடன் இணைத்தபோது, பெரிய தொகை போட்டவர்கள் முழுப்பணத்தையும் பெறப் பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டும் என்பது திட்டம். எழுபது வயதுக்காரருக்குப் பத்தாண்டு என்றால் என்ன அர்த்தம்?

2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, 2026-27 நிதியாண்டிலிருந்து ஆபத்துக்கேற்ற பிரீமியம் வரும் என்று அறிவித்தது. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் எடுக்காமலிருந்த அடி, மனதார வரவேற்கிறேன். ஆனால் 12 பைசாவே உச்சம் என்றும், நல்ல நிலையில் உள்ள வங்கிகளுக்கு அதிலிருந்து குறையும் என்றும் வைத்திருக்கிறார்கள். நல்லவருக்குத் தள்ளுபடி உண்டு, கெட்டவருக்குச் சுமை இல்லை. இது பாதி வேலை. கழகத்தின் பங்கும் இன்னும் பெரும்பாலும் பணம் கொடுப்பதோடு நிற்கிறது; வங்கிக்குள் போய்ச் சோதிப்பது ரிசர்வ் வங்கியின் கையில். 2021-இல் சட்டத்தைத் திருத்தி, முடக்கப்பட்ட வங்கியின் டெபாசிட்தாரருக்கு 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்று வைத்தது பெரிய ஆறுதல். அது விழுந்த பிறகான ஏற்பாடு. விழுவதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்க இன்னும் வழியில்லை.

ஆபத்தை அளந்து வங்கிக்குக் கொடுக்கும் மதிப்பெண் வெளியே கசிந்தால் அதுவே பீதியைக் கிளப்பும் என்பதால் ரகசியம் காக்க வேண்டும் என்கிறார்கள். உயிரோடிருக்கும் வங்கிக்கு அந்த ரகசியம் தேவைதான்; அமெரிக்காவிலும் மதிப்பெண் வெளியே சொல்லப்படுவதில்லை. மூடிய வங்கிக்கு அந்த நியாயம் பொருந்தாது. அமெரிக்காவில் காப்பீட்டு நிதிக்குப் பெரிய இழப்பை உண்டாக்கிய வங்கி மூடப்பட்டால், கண்காணித்தவர்கள் எங்கே தவறவிட்டார்கள் என்று தனியொரு தணிக்கை அமைப்பு ஆய்வு செய்து அறிக்கை வெளியிட வேண்டும் என்பது சட்டம். இங்கும் அப்படியொரு விதி வேண்டும். இனி ஒரு வங்கி மூடப்பட்டால், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதற்குக் கொடுத்த மதிப்பெண் என்ன, எத்தனை பைசா பிரீமியம் வாங்கினார்கள், ஆபத்து தெரிந்த நாளுக்கும் தலையிட்ட நாளுக்கும் இடையே எத்தனை மாதம் ஓடியது என்பதைக் கழகம் எழுதி நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.