அடிப்பிடித்த சட்டியும் நமது முதல்தான்

பாத்திரங்களை வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டிலிருந்து புரியாணிச் சட்டி திரும்பி வரும்போது அடி கறுத்துத்தான் வரும். அதைக் காட்டி முற்பணத்தில் காசு பிடித்தால், அடுத்த முறை அந்த வீட்டார் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். காசைப் பிடிப்பதை விட்டு, கழுவும் முறையைத் திருத்துங்கள் என்பதே என் கட்சி.

எங்கள் கடையில் எவர்சில்வர்ச் சாமானுக்குக் கம்பி நாரைத் தொட நான் விடுவதில்லை. எவர்சில்வரில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் உண்டு. அதனால் உண்டாகும் மெல்லிய படலமே துருவைத் தடுக்கிறது. கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். உதிரும் இரும்புத் துகள் அங்கேயே துருப்பிடிக்கும். வெளிற்றும் தூள் அதைவிட மோசம். அதிலுள்ள குளோரின் சிறு குழிகளை அரித்துவிடும். அந்தக் குழிக்கு மருந்தே இல்லை.

செய்யவேண்டியது இலகு. கறை மூழ்கத் தண்ணீர் விட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறியபின் மரக்கரண்டியால் சுரண்டினால் பொருக்குக் கழன்றுவரும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை. வானவில் நிறமாகத் தெரிவது அழுக்கல்ல, சூட்டில் படலம் தடித்தது. வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். அலுமினியச் சட்டிக்கு மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.

இப்போது சட்டியோடு அப்பச்சோடாப் பக்கற் ஒன்றையும் கொடுத்தனுப்புகிறேன். சிலர் பாவிக்கிறார்கள். சிலர் பக்கற்றையும் பிரிக்காமலே திருப்பித் தருகிறார்கள்!