போர்டு அகலமா, குறுகலா?

போனஸ் வந்த சூட்டுல நான் வாங்கினது 18.5 இன்ச் அகல ஷார்ட்போர்டு. வீடியோல பாலி அலைல பறக்கிறவங்க அதைத்தானே வச்சிருக்காங்க! பிள்ளைச்சாவடியில இருந்து கொஞ்சம் தெற்கே, செரினிட்டி பீச்ல மூணு மாசம் முயற்சி பண்ணேன். ஒரு அலையிலகூட எழுந்து நிக்கல.

கரையில வலை பார்த்துட்டிருந்த ஒரு தாத்தா கேட்டார்: "ஏம்பா, இது மிதக்கவே மாட்டேங்குதே?" அவர் கட்டுமரம் ஓட்டினவர். விஷயத்தைப் பிடிச்சிட்டார்.

அகலமான போர்டு தண்ணியில அதிகப் பரப்பைத் தொடும். அதனால குறைஞ்ச வேகத்துலயே மேலெழும்பி வழுக்க ஆரம்பிச்சிடும். இங்க பல நாள் வர்றது வேகம் கம்மியான சின்ன அலை. அதுல குறுகல் போர்டு அமுங்கிடும். ஆனா செங்குத்தா எழும்புற அலைல ஒரு விளிம்புலேர்ந்து மறு விளிம்புக்குச் சட்டுனு சாய்க்கணும். அங்க குறுகல்தான் ராஜா.

குல்மார்க் பனிச்சறுக்குலயும் இதே கணக்குதான். புதுப்பனியில புதையாம மிதக்க, காலுக்குக் கீழ 100 மில்லிமீட்டருக்கு மேல அகலமான ஸ்கீ; இறுகின சரிவுல வளைஞ்சு வளைஞ்சு போக 80 போதும்.

ஒரு விஷயம். பிள்ளைச்சாவடியில கடலரிப்பைத் தடுக்கக் கொட்டின பாறாங்கல் இருக்கு. எந்த போர்டா இருந்தாலும் அங்க இறங்காதீங்க.

இப்ப என்கிட்ட இருக்கிறது 8 அடி நீளம், 22 இன்ச் அகலம், ஃபோம் போர்டு. பார்க்கக் கதவு மாதிரி இருக்கும். முதல் நாளே நின்னுட்டேன். பழசை வித்தாச்சு, பாதி விலைக்கு.