சுழி விழாத பெயர்ப்பலகை

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டென்சில் புதிய பொருளல்ல. புகையில் உலர்ந்த ஷீட்டுகளை அடுக்கி, அழுத்திக் கட்டாக்கி, மேலே வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். எழுத்து வெட்டிய தகட்டை அதன்மேல் வைத்து மை தடவினால் குறி விழும். கப்பலேறிப் போன அந்தக் கட்டின் மீது ரப்பரின் தரம் இருந்தது. அனுப்பியவரின் குறி இருந்தது. பால் வெட்டியவரின் பெயர் இல்லை. அவர் குடியிருந்த லயத்துக் கதவிலும் எண் மட்டுமே இருந்தது.

இன்று நம்மில் பலர் தாமானில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்துவிட்டோம். அந்த வீட்டு வாசலில், நமக்குப் பிடித்த பெயரை, நம் தமிழிலேயே எழுதி மாட்டினால் என்ன? “எனக்குக் கையெழுத்தே ஒழுங்காக வராதே, பலகையில் எப்படி எழுதுவது?” என்று தயங்குகிறீர்களா? பசை ஒட்டிய ஸ்டென்சிலை வீட்டிலேயே செய்துகொண்டால் அந்தத் தயக்கம் தேவையில்லை.

தமிழுக்கு ஏன் பசை வேண்டும்?

தகட்டிலோ அட்டையிலோ ஸ்டென்சில் வெட்டினால் ஒரு தொல்லை உண்டு. நம் எழுத்துகளில் சுழி அதிகம். இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று பெயரே வைத்திருக்கிறோம். எழுத்தை வெட்டி எடுக்கும்போது சுழிக்குள் இருக்கும் சிறு துண்டும் சேர்ந்து விழுந்துவிடும். அது விழாமலிருக்க நடுவே சிறு பாலம் விட வேண்டும். அந்தப் பாலம் எழுத்தைத் துண்டு துண்டாகக் காட்டும்.

ஒட்டுத்தாளில் வெட்டிய ஸ்டென்சிலுக்குப் பாலம் வேண்டாம். சுழியின் உள்துண்டு தன் பசையாலேயே பலகையில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து முழுமையாக விழும்.

பொறி என்ன செய்கிறது?

இந்த மின் வெட்டுப்பொறி மேசைமேல் அடங்கும் அளவுடையது. கணினியோடு அல்லது கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு சிறிய கத்தி இடமும் வலமும் ஓடும்; உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்தும். இரண்டும் சேர்ந்து எந்த வளைவையும் வெட்டிவிடும். க்ரிகட், சில்லுவெட், பிரதர் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. பிரதரின் ‘ஸ்கேன் என் கட்’ வகைப் பொறி, தாளில் கையால் எழுதியதைத் தானே படம் பிடித்து வெட்டும். உங்கள் அம்மாவின் கையெழுத்தையே பலகையில் ஏற்றலாம்!

செய்யும் முறை

‘அன்னை இல்லம்’ என்று எழுத விரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் எழுத்து. சில செயலிகளில் தமிழை நேராகத் தட்டினால் உடைந்துவிடும். ‘கொ’வின் கொம்பு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும். ஆகவே, தமிழ் சரியாகத் தெரியும் இடத்தில் தட்டி, வெள்ளையில் கறுப்பாகப் படமாக்கி, அந்தப் படத்தை வெட்டுப்பொறியின் செயலியில் கொடுத்து விளிம்பு எடுக்கச் சொல்லுங்கள். முதல் முயற்சிக்கு எழுத்தின் உயரம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுழி மிகச் சிறிதானால் கிழிந்துவிடும். வெட்டுமுன், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்து ஒட்டுத்தாள். எளிதில் உரிக்கக்கூடிய வினைல் நல்லது. அலமாரித் தட்டில் விரிக்கும் பசையுள்ள பிளாஸ்டிக் தாளும் உதவும். அதன் அடித்தாள் கீழே இருக்கும்படி, பொறியோடு வரும் ஒட்டும் பாயில் சுருக்கமின்றிப் பரப்புங்கள். கத்தி மேல்தாளை மட்டும் வெட்ட வேண்டும். அடித்தாள் முழுதாக இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பாருங்கள். அடித்தாளும் அறுந்தால் கத்தியின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

வெட்டியபின், ஊசி முனையால் எழுத்துகளை மட்டும் உரித்தெடுங்கள். சுற்றியுள்ள தாளும் சுழித்துண்டுகளும் அப்படியே இருக்கட்டும். புள்ளிகளை மறவாதீர்கள்! நான் முதலில் செய்த பலகையில் ‘ன்’ மேலிருந்த புள்ளியை உரிக்க மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, “என்னம்மா இது, ‘அனனை’யா?” என்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இப்போது ஸ்டென்சில் மேல் காகித ஒட்டுநாடாவை வரிவரியாக, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்டித் தேயுங்கள். அடித்தாளை உரித்தால் எல்லாத் துண்டுகளும் இடம் மாறாமல் நாடாவோடு வரும். பலகையில் வைத்து அழுத்தி, நாடாவை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள். பலகையை முன்பே மணல்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, அடிச்சாயம் பூசி நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். காயாத சாயம் தாளோடு உரிந்து வரும்.

விளிம்பில் சாயம் கசியாமலிருக்க ஓர் உத்தி: முதலில் அதே அடிச்சாயத்தை எழுத்தின் ஓரங்களில் மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். இடுக்கு இருந்தால் அதை இந்தச் சாயம் அடைத்துவிடும். அதன்பின் எழுத்தின் நிறத்தைப் பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, ஒற்றி ஒற்றி இரண்டு, மூன்று முறை பூசுங்கள். கடைசிப் பூச்சு முழுவதும் இறுகுமுன் தாளைச் சாய்வாக உரியுங்கள்; சுழித்துண்டுகளை ஊசியால் எடுங்கள். வெயிலிலும் மழையிலும் தொங்கும் பலகையானால், வெளிப்புறத்துக்கு உரிய சாயத்தையும் மேற்பூச்சையும் பயன்படுத்துங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு பொறி வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. பொறியின் விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். ஒரு பலகைக்காகக் கடன்பட்டு வாங்குவது அறிவுடைமை ஆகாது. ஆலயத்தின் மாதர் பகுதியோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒன்று வாங்கி வைத்தால் பல குடும்பங்களுக்குப் பயன்படும். பொறியே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். எழுத்தைத் தாளில் அச்சிட்டு, ஒட்டுத்தாளின் மேல் பதித்து, கூர்மையான பேனாக்கத்தியால் பொறுமையாக வெட்டலாம். மற்ற வேலைகள் எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகள் உதவட்டும், கத்தி மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

பலகையை மாட்டும் நாளில், வீட்டில் மூத்தவரைக் கொண்டு மாட்டச் செய்யுங்கள். எண்ணுள்ள கதவைத் திறந்து விடியுமுன் வேலைக்குப் போனவர் அவர். தம் வீட்டுப் பெயரை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, ஒரு சுழியும் விழாமல், ஒரு புள்ளியும் குறையாமல் இருக்கட்டும்.