ஜீசஸ் பிளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட்

ஜீசஸ் பிளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட் என்பது இங்கிலாந்து இசையமைப்பாளர் கவின் பிரையர்ஸ் 1971இல் உருவாக்கிய இசை ஆக்கம் ஆகும். வீடற்ற முதியவர் ஒருவர் பாடிய கிறித்தவப் பக்திப் பாடலின் ஒலிப்பதிவும் நவீன மேற்கத்தியச் செந்நெறி இசையும் இதில் இணைக்கப்பட்டுள்ளன. இயேசுவின் இரத்தம் இதுவரை தன்னைக் கைவிட்டதில்லை என்பது தலைப்பின் பொருளாகும்.

பின்னணி

லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில், வாட்டர்லூ தொடருந்து நிலையம் ஆகிய பகுதிகளில் தெருவோரம் வாழ்ந்தோரைப் பற்றி ஆலன் பவர் என்பவர் திரைப்படம் ஒன்றை எடுத்தார். அப்போது சிலர் குடிபோதையில் பாடினர். குடிப்பழக்கம் இல்லாத முதியவர் ஒருவர் இப்பக்திப் பாடலைப் பாடினார். படத்தில் பயன்படாத அந்த ஒலிநாடா பிரையர்சுக்குக் கிடைத்தது. முதியவரின் குரல் தமது பியானோவின் சுருதியுடன் ஒத்திருப்பதை அவர் கண்டார். மேலும், பாடலின் முதற்பகுதி இடைவிடாது சுழலவிடுவதற்கு ஏற்றதாக இருந்தது.

பிரையர்ஸ் அக்காலத்தில் லெஸ்டர் பாலிடெக்னிக்கில் (1992 முதல் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம்) நுண்கலைத் துறையில் பணியாற்றினார். அங்கே பாடலை நாடாவில் படியெடுக்கவிட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே காப்பி அருந்தச் சென்றார். திரும்பி வந்தபோது, வழக்கமாக ஆரவாரம் மிகுந்த அருகிலிருந்த ஓவியக்கூடம் அமைதியாக இருந்தது. சிலர் தனியே அமர்ந்து அழுதுகொண்டிருந்தனர். அப்போது வாத்திய இசை எதுவும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

இசையமைப்பு

ஏறத்தாழ 26 வினாடிகள் கொண்ட குரல் பகுதி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தொடக்கத்தில் குரல் தனித்து வருகிறது. பின்னர் நரம்பு வாத்தியங்கள் மெல்லச் சேர, பிற வாத்தியங்கள் படிப்படியாக இணைகின்றன. முதியவரின் தாளப் பிசகுகள் திருத்தப்படவில்லை. வாத்தியக் குழுவே அவற்றுக்கேற்ப வாசிக்கிறது.

குரல் சிறிதும் மாறுவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள இசை மட்டுமே மாறுகிறது. சில சுற்றுகளுக்குப் பின் சொற்களின் பொருளைவிடப் பாடுபவரின் மூச்சும் முதுமையும் கேட்பவரின் கவனத்தை ஈர்க்கின்றன. பாடலில் உள்ள நம்பிக்கைக்கும் பாடியவரின் வாழ்நிலைக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் உணரப்படுகிறது. இவ்வாக்கத்தின் உணர்ச்சி வலிமைக்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

அரங்கேற்றமும் பதிவுகளும்

இவ்வாக்கம் 1972 டிசம்பரில் லண்டன் குயீன் எலிசபெத் அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. 1975இல் பிரையன் ஈனோவின் அப்ஸ்க்யூர் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிடப் பதிவு இடம்பெற்றது. குறுந்தட்டின் வருகையால் நீண்ட பதிவு சாத்தியமாயிற்று. 1993இல் வெளியான 74 நிமிடப் பதிவில் அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்சு முதியவரின் குரலுடன் இணைந்து பாடினார். 2019இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இது ஓரிரவு முழுவதும் நிகழ்த்தப்பட்டது.

பாடிய முதியவரின் பெயர் அறியப்படவில்லை. தமது குரலைக் கொண்டு உருவாக்கப்பட்ட இசையைக் கேட்கும் முன்பே அவர் இறந்துவிட்டார்.