உடும்புப் பிடி வேண்டாம்

குருசுக்குப்பத்தில் நமது மாணவன் ஒருவனுடைய வீட்டில் இகுவானா என்னும் பெரும் பச்சைப் பல்லி வளர்கிறது. மூக்கு முதல் வால் நுனி வரை நாலடி நீளம். காண்பவர்கள் உடும்பு என்றே எண்ணுவார்கள். ஆனால் இது அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகளில் இலை தழை தின்று வாழும் ஜாதி. நம் நாட்டு உடும்பை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இகுவானாவையும் 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி சர்க்காரிடம் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் இதன் பின்னங்கால் வீங்கிற்று. வைத்தியரிடம் புறப்படுகையில், "எப்படிப் பிடிப்பது, ஸார்?" என்று பையன் கேட்டான். உடும்புப் பிடி என்று சொல்லிப் பழகிய நாம், "மார்பைச் சேர்த்து இறுக்கிப் பிடி" என்று உபதேசித்துவிட்டோம். வைத்தியர் கண்டதும் பதறி, "கையைத் தளர்த்து, தம்பி! அது மூச்சு விடட்டும்" என்றார்.

பல்லிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகள் விரிந்து சுருங்கினால்தான் அதற்குச் சுவாசம். மார்பை நெரித்தால் மூச்சுத் திணறும். வாய்விட்டு அலறாத பிராணியாதலால் நமக்கு அது தெரிவதில்லை.

பிறகு வைத்தியர் தாமே பிடித்துக் காட்டினார். ஒரு கை மார்பின் அடியில், முன்னங்கால்களை ஒட்டி. மறு கை இடுப்பின் அடியில், பின்னங்கால்களை வாலோடு சேர்த்து. வால், முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே அடங்கியது. அவ்வாறு அடக்காவிட்டால் அது சவுக்கைப் போல் வீசும். வாலைப் பற்றித் தூக்கினாலோ அறுந்துவிடும். மறுபடி முளைப்பது பழைய வால் ஆகாது. மிரளும் பிராணியைத் துண்டில் சுற்றி, கண்களை மெல்ல மூடினால் சாந்தமடையும். அடங்கட்டும் என்று குளிரில் வைப்பது கொடுமை. வழியெல்லாம் கதகதப்பான, காற்றோட்டமுள்ள பெட்டியே உகந்தது.

எக்ஸ்ரே எடுத்ததில் எலும்புகள் மெலிந்திருப்பது தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வளர்த்ததே காரணம். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்க உதவும் சூரியக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் எலும்பே முறிந்திருக்கும்" என்றார் வைத்தியர். நமக்கு வெட்கமாயிருந்தது.

வீடு திரும்பியதும் இருவரும் ஸோப்புப் போட்டுக் கை கழுவினோம். இப்பிராணிகளின் உடலில் வயிற்றுக் கடுப்பை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு. இப்பொழுது பையன் தினந்தோறும் காலை வெயிலில் அதை மாடிக்கு எடுத்துச் செல்கிறான், இரு கைகளாலும் தாங்கி.